பல்பை மாற்றினால் ரோடு தெரியுமா?

என் முதல் பைக், கைமாறி வந்த பழைய 350 சிசி வண்டி. ராத்திரி நேரத்தில் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது அதன் ஹெட்லைட் மினுக்கட்டாம்பூச்சி மாதிரிதான் எரியும். எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் ரோடு எப்படி வளைகிறது என்று பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு, லாரி கடந்ததும் அந்த ஞாபகத்திலேயே ஓட்டுவேன். ஊருக்கு வந்த மறுநாளே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், "இருக்கறதுலயே நல்லா அடிக்கிற பல்பு குடுங்க" என்றேன். என்ன வண்டி, ஒயரிங் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வியும் இல்லாமல் 100/90 வாட் பல்பு ஒன்று கைக்கு வந்தது. இரண்டு ராத்திரி ரோடு பகல் மாதிரி இருந்தது. பத்தாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாசனை.

ஒயரிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அந்தப் பல்பைச் செருகியிருந்த ஹோல்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறி டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. பல்பின் ஒரு கரண்ட் பின் செருகியிருந்த இடத்தில் கொப்புளம்.

"தம்பி, பெரிய பல்பு போடுறது இருக்கட்டும். பழைய பல்புக்கு மொதல்ல கரண்டு முழுசாப் போச்சான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பதற்கு ஒரு விஷயம் இருக்கிறது என்பதே தெரியாது. அன்றைக்குத் தெரியாமல் போனதை, இன்றைக்குப் பல்பு வாங்கக் கிளம்புகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

வாட், லூமென், லக்ஸ்

வாட் என்பது பல்பு தின்னும் மின்சக்தி. லூமென் என்பது பல்பு எல்லாத் திசைக்கும் சேர்த்துக் கொடுக்கும் மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது அந்த மொத்தத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் போய் விழுவது எவ்வளவு என்ற கணக்கு. கடையில் வாட்டைப் பேசுவார்கள். பெட்டியின்மேல் லூமென் அச்சடித்திருப்பார்கள். ஐம்பது மீட்டர் தள்ளி ரோட்டில் கிடக்கும் பள்ளம் தெரியுமா தெரியாதா என்பதை முடிவுசெய்வது லக்ஸ். அதைப் பெட்டியில் போட முடியாது, ஏனென்றால் அது பல்பை மட்டும் பொறுத்தது இல்லை.

வீட்டில் பழைய டார்ச் லைட் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தலையைத் திருகினால் வெளிச்சம் ஒருமுறை வட்டமாகப் பரவும், ஒருமுறை குவிந்து எதிர்வீட்டுத் தென்னை மரத்தின் குருத்து வரை போகும், இன்னொருமுறை நடுவில் இருட்டுப் பொட்டு விழும். பல்பும் பேட்டரியும் அதேதான், மாறியது பல்புக்கும் பின்னால் இருக்கிற வெள்ளிக் கிண்ணத்துக்கும் இடையிலான தூரம். அதுவும் சில மில்லிமீட்டர்தான். ஹெட்லைட்டை மாற்றுவது பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொள்வதென்றால் இந்த டார்ச் பாடம் போதும். வெளிச்சத்தை உண்டாக்குவது பல்பு, அதை ரோட்டில் கொண்டுபோய் வைப்பது மெக்கானிக்குகள் டூம் என்று சொல்லும் அந்தக் கிண்ணம். டூம் எந்த இடத்தில் வெளிச்சம் பிறக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டதோ, அந்த இடத்தில் பிறக்காத வெளிச்சம் எத்தனை லூமெனாக இருந்தாலும் வீண். வீணாகப் போனால்கூடப் பரவாயில்லை, அது எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் போய் விழுகிறது.

பல்புக்குள் என்ன இருக்கிறது

350 சிசி வண்டிகள் பலவற்றிலும் பல கார்களிலும் புழங்கும் மூன்று பின் ஹாலஜன் பல்புக்கு எச்4 என்று பெயர். 60/55 வாட் என்று அதன் அடியில் பொறித்திருக்கும். தூரத்துக்கு அடிக்கும் ஹை பீமுக்கு 60, தாழ்த்தி அடிக்கும் லோ பீமுக்கு 55. ஐ.நா. வாகன விதிமுறைப்படி 13.2 வோல்ட் கொடுத்து அளக்கும்போது ஹை பீம் 1650 லூமென், லோ பீம் 1000 லூமென் தர வேண்டும், 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். 100, 125, 150 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்எஸ்1. பார்ப்பதற்கு எச்4-இன் தம்பி மாதிரியே இருக்கும், ஆனால் 35/35 வாட்தான். அதே அளவீட்டில் 825 லூமெனும் 525 லூமெனும்.

எச்4 பல்பு ஒன்றைக் கண்ணாடியைத் தொடாமல், அடிப்பக்கத் தகட்டைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்ளே இரண்டு சுருள் கம்பி. தகட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஹை பீம் இழை, தள்ளி முன்னால் இருப்பது லோ பீம் இழை. லோ பீம் இழைக்குக் கீழே மட்டும் குட்டி உலோகக் கிண்ணம் ஒன்று, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை மாதிரி, ஏந்திக்கொண்டிருக்கும். பல்பின் முழு சூட்சுமமும் அதுதான். லோ பீம் எரியும்போது வெளிச்சம் கீழ்நோக்கிப் போகாமல் அந்தப் பாலாடை மறிக்கிறது. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் மட்டும் டூமின் மேல் பாதியில் பட்டு, கீழே சாய்ந்து ரோட்டில் விழுகிறது. அதனால்தான் நல்ல ஹெட்லைட்டின் லோ பீமைச் சுவரில் அடித்தால் கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அந்த இருட்டுதான் எதிரே வருகிறவருக்கு நாம் தரும் மரியாதை.

ஹை பீம் இழை, டூம் வெளிச்சத்தைக் குவித்து நேராக அனுப்பும் புள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பாலாடை கிடையாது. அதனால் வெளிச்சம் நெடுந்தூரம் போகிறது.

கண்ணாடியைத் தொடாதே என்று சொல்வது சாங்கியம் இல்லை. ஹாலஜன் பல்பின் உறை குவார்ட்ஸால் ஆனது, எரியும்போது பல நூறு டிகிரி சூடாகும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அளவுக்கு மீறிக் காய்ந்து, அங்கிருந்து பல்பு கெடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

உங்கள் வண்டி எந்தச் சாதி?

மின்சாரத்தில் பைக்குகள் இரண்டு சாதி. சிலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியும், இது டிசி. பழைய நூறு சிசி வண்டிகள், ஸ்கூட்டர்கள் பலவற்றில் பேட்டரிக்குச் சம்பந்தமே இல்லாமல், எஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக எரியும், இது ஏசி. கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது வெளிச்சம் கூடி, சிக்னலில் நிற்கும்போது மங்கினால் ஏசி. எப்போதும் ஒரே மாதிரி நின்று எரிந்தால் டிசி. சுவிட்ச் இருக்கிற பழைய வண்டி என்றால் இன்னும் சுலபம், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு லைட் எரிகிறதா என்று பார்த்தால் போதும். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இரு சக்கர வாகனங்களுக்கு அந்த சுவிட்சே கிடையாது, எஞ்சின் ஓடினால் ஹெட்லைட் எரிந்தே ஆக வேண்டும்.

ஏசி வண்டியில் காயில் எவ்வளவு தருமோ அவ்வளவுதான். 35 வாட்டுக்குச் சுற்றிய காயிலில் 60 வாட் பல்பை மாட்டினால் வோல்ட் விழுந்து, பழைய பல்பைவிட மஞ்சளாக அழும். டிசி வண்டியில் பல்பு அழாது, பேட்டரி அழும். சின்ன வண்டிகளின் காயிலில் மிச்சம் மீதி அதிகம் இருக்காது. 25 வாட் கூடுதலாகப் போட்டால் பேட்டரிக்குச் சேர வேண்டிய இரண்டு ஆம்பியர் பல்புக்குப் போய்விடும். ஊருக்குள் நின்று நின்று ஓட்டுகிறவருக்கு ஒரு மாதத்தில் செல்ஃப் எடுக்காது.

தொழிற்சாலையிலிருந்தே எல்இடி ஹெட்லைட்டோடு வரும் புதிய வண்டி உங்களுடையது என்றால், பெரும்பாலும் அதில் கழற்றிப் போடுகிற பல்பே இருக்காது. கடைசியில் வரும் சுவர்க் கணக்கை மட்டும் படித்தால் போதும்.

இருக்கிற வெளிச்சம் எங்கே போகிறது

அந்த அண்ணன் என் வண்டியில் செய்த முதல் வேலை, பழைய 60/55 பல்பையே திரும்ப மாட்டியது. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி வைத்துக்கொண்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார், 13.9 வோல்ட். லோ பீம் எரியும்போதே ஹோல்டரின் பின்பக்கத்தில் வைத்தார், 12.1. இடையில் 1.8 வோல்ட் காணவில்லை.

1.8 தானே என்றுதான் நானும் நினைத்தேன். ஹாலஜன் பல்பு வோல்ட் விஷயத்தில் ரொம்ப ரோஷக்காரப் பொருள். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறையாது, ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். இழையின் சூடு கொஞ்சம் தணிந்தாலும் அது வெளிச்சம் தருவதை விட்டு வெறும் வெப்பம் தர ஆரம்பித்துவிடும். என் வண்டியில் நடந்தது 13 சதவீத இழப்பு. கணக்குப் போட்டால், 13.9 வோல்ட்டில் கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் 62 சதவீதம்தான் வந்துகொண்டிருந்தது. கணவாயில் நான் தேடிய வெளிச்சம் சாவி சுவிட்சிலும், ஹை, லோ மாற்றும் டிம்மர் சுவிட்சிலும், ஒல்லியான ஒயரிலும், ஒயர்களை இணைக்கும், பச்சைக் களிம்பு பிடித்த கப்ளரிலும், துருப்பிடித்த எர்த் போல்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திப்போயிருந்தது.

சிந்திய மின்சாரம் வெப்பமாகத்தான் வெளியேறும். 60 வாட் பல்பு ஐந்து ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு எட்டேகால் இழுக்கும். ஒயரும் கப்ளரும் சூடாவது ஆம்பியரின் இருமடிக் கணக்கில். அதாவது பல்பை 100 வாட்டாக்கியபோது அந்தக் களிம்பேறிய பின்னில் சூடு இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிட்டது. ஹோல்டர் உருகியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்கு வைத்தியம் ரிலே. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். பச்சைப் பொத்தானை விரலால் அமுக்குகிறோம், உள்ளே டப்பென்று காந்தம் இழுத்து மோட்டாருக்குக் கரண்ட் பாய்கிறது. மோட்டாரின் பெருங்கரண்ட் அந்தச் சின்னப் பொத்தான் வழியாகப் போவதில்லை. ஹெட்லைட் ரிலேயும் அதே வேலைதான் செய்கிறது. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒரு 15 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் எண் பின்னுக்கு வரும். 87-இலிருந்து பல்புக்குப் போகும். ஹேண்டில்பாரிலிருந்து பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ஒயர் இனி 85, 86 பின்களுக்கு நடுவில் இருக்கும் காயிலை மட்டும் உசுப்பிவிடும். லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என இரண்டு ரிலே. பல்புக்குப் போகும் எர்த்தையும் நேராகப் பேட்டரி நெகட்டிவிலிருந்தே எடுங்கள், அதை விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒயர் எங்காவது பிரேமில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

சென்னை ஜி.பி. ரோட்டிலும் மற்ற ஊர்களின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் இது ஹெட்லைட் ரிலே கிட் என்ற பெயரில் கப்ளரோடு தயாராகவே கிடைக்கிறது. கம்பெனி ஒயரை வெட்டாமல் செருகிக்கொள்ளலாம், வாரண்டி உள்ள வண்டிக்கு இது முக்கியம். ஏசி வண்டிக்கு இந்த கிட் பயன்படாது.

என் வண்டியில் ரிலே போட்டபின் ஹோல்டரில் 13.6 வந்தது. பல்பு அதே பல்பு. அன்று ராத்திரி வண்டியை வெளியே எடுத்தபோது, புதுப் பல்பு மாட்டியிருக்கிறது என்று சொன்னால் நானே நம்பியிருப்பேன்.

டூமையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே வெள்ளி பளபளவென்று இல்லாமல் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி இருந்தால், அல்லது பல்புக்கு மேலே கருத்திருந்தால், எந்தப் பல்பும் உதவாது. அந்த வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது, துணியால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். புது டூம் வாங்குவதுதான் வழி. முன்பக்க பிளாஸ்டிக் மட்டும் மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போட்டு மீட்கலாம்.

கடையில் கிடைப்பவை

இத்தனைக்கும் பிறகு வெளிச்சம் போதவில்லை என்றால் பல்பைப் பற்றிப் பேசலாம்.

முதலில், அதே 60/55 வாட்டில் வரும் உயர்ரக ஹாலஜன்கள். ஓஸ்ராம், பிலிப்ஸ் போன்ற பெயர்களில் நூறு சதவீதம், நூற்று முப்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம் என்று போட்டிருக்கும். பொய் இல்லை, ஆனால் சொல்லும் விதத்தில் சாமர்த்தியம் இருக்கிறது. விதிமுறை கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, ரோட்டின் குறிப்பிட்ட சில இடங்களில் 'அந்த அளவு வரை' கூடும் என்று அர்த்தம். இழையை இன்னும் நுணுக்கமாகச் சுற்றி, வாயுக் கலவையை மாற்றி, வெளிச்சம் பிறக்கும் இடத்தைக் குறுக்கியிருப்பார்கள். டார்ச் பாடம் ஞாபகம் இருக்கிறதா, வெளிச்சம் பிறக்கும் இடம் சின்னதாக ஆக ஆக டூம் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோவது சுலபம். கரண்டும் கூடுதலாகத் தின்னாது, ஹோல்டரும் உருகாது. ஆயுள் குறைவு என்பதுதான் குறை. பகலிலும் ஹெட்லைட் எரிந்தே ஆக வேண்டிய வண்டிகளில் அந்தக் குறை பர்ஸில் சுடும்.

நீலச் சாயம் பூசிய 'வெள்ளை' ஹாலஜன்களை வாங்காதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது, வடிகட்டியது போக மிச்சம்தான் ரோட்டுக்கு. காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

100/90 வாட் பல்பின் பெட்டியில் பொதுச் சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். என் கதையைத்தான் சொல்லிவிட்டேனே. இன்னொன்று, 35 வாட் எச்எஸ்1 இருக்கும் வண்டியில் 60 வாட் எச்4-ஐ மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். கப்ளர் ஒன்றுதான், அடிப்பக்கக் காதுகளில் மட்டும் சிறு வித்தியாசம். அரத்தால் ராவினால் உட்கார்ந்துவிடும். உட்காருவது பிரச்சினை இல்லை, 35 வாட் சூட்டுக்குச் செய்த பிளாஸ்டிக் டூமுக்குள் 60 வாட் சூடு அடைபட்டுக் கிடப்பதுதான் பிரச்சினை. கொஞ்ச நாளில் பல்புக்கு மேலே அந்த வெள்ளி கருக்கும், டூம் நெளியும்.

இப்போது எல்லோரும் கேட்கும் எல்இடி. இதில் நல்லதும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 20,000 லூமென் என்று அச்சடித்த பெட்டியை முதலில் ஒதுக்குங்கள். இந்த மாதிரிப் பல்புகளில் ஒரு வாட்டுக்கு நூறு லூமென் கிடைத்தாலே நல்ல சரக்கு. 20 வாட் பல்பு என்றால் 2000 லூமென், அதைத் தாண்டி எழுதியிருப்பதெல்லாம் அச்சுக்கூடத்தில் பிறந்த வெளிச்சம். ஆனால் 20 வாட்டில் 2000 லூமென் என்பதே ஹாலஜனைவிடப் பெரிய விஷயம்தான். கரண்ட் குறைவு, பேட்டரிக்கு நிம்மதி.

சிக்கல் டார்ச் பாடத்தில் இருக்கிறது. ஹாலஜன் இழை ஒரு சின்னக் கம்பிச் சுருள், சுற்றிலும் ஒரே சீராக வெளிச்சம் தரும். எல்இடி சில்லு ஒரு தட்டையான கட்டம், அது முகம் காட்டும் பக்கம் மட்டும்தான் வெளிச்சம். ஹாலஜனுக்கென்று செய்த டூமில் அதை வைக்கும்போது, இழை இருந்த அதே இடத்தில், அதே நீளத்தில் சில்லு உட்கார்ந்தால்தான் டூமை ஏமாற்ற முடியும். ஆகவே வாங்கும்போது பழைய ஹாலஜன் பல்பைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில்லுகள் வரிசையாக, ஒல்லியாக, இழைக்கு நேராக இருக்கின்றனவா? இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் நடுவில் இருக்கும் தகடு மெல்லியதா? லோ பீம் சில்லுக்குக் கீழே அந்தப் பாலாடை இருக்கிறதா? பாலாடை இல்லாமல், மூன்று பக்கமும் நாலு பக்கமும் கொத்துக் கொத்தாகச் சில்லு ஒட்டி மக்காச்சோளக் கதிர் மாதிரி இருப்பதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நல்ல பல்புகளில் அடிப்பக்க வளையம் திருகுகிற மாதிரி இருக்கும், மாட்டியபின் சில்லுகள் இடது வலது பார்த்து நிற்கும்படி சரிசெய்ய வேண்டும்.

பின்பக்க விசிறியையும் கவனியுங்கள். எல்இடியின் சூடு வெளிச்சத்தோடு முன்னால் போகாது, அடிப்பக்கம் தேங்கும். விசிறி நின்றால் பல்பு போச்சு. நம் ஊர்த் தூசியில் அது எத்தனை நாள் சுற்றும் என்பது அதன் அதிர்ஷ்டம். அந்த விசிறி இடித்துக்கொண்டு டூமின் பின்பக்க ரப்பர் மூடி உட்காராவிட்டால், மழைத்தண்ணீரும் தூசியும் உள்ளே போய் டூமின் வெள்ளி கெடும். ஏசி வண்டியில் சாதாரண எல்இடி பல்பு துடிதுடிக்கும். ஏசியிலும் எரியும் என்று எழுதியதாகப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது ஒயரிங் தெரிந்தவரை வைத்து ஹெட்லைட்டை டிசிக்கு மாற்ற வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் ஹாலஜன் 3200 சுமாருக்கு இளமஞ்சள். கடையில் குவிந்து கிடக்கும் எல்இடிகள் 6000, 6500 என்று நீலம் கலந்த வெள்ளை. வெள்ளையைப் பார்த்ததும் அதிகம் என்று மனசு சொல்லும். என் அனுபவத்தில், மழையில் நனைந்த தார் ரோட்டில் அந்த வெள்ளை ரோட்டை விட்டுவிட்டு மழைத்துளிகளைத்தான் காட்டுகிறது. நனைந்த ரோடு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடும், நம் பக்கம் திருப்பாது. அதனால் எந்த ஹெட்லைட்டும் மழையில் சோப்ளாங்கிதான். இருந்தாலும் 4000 பக்கம் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

எச்ஐடி என்ற ஒன்று ஒருகாலத்தில் பிரபலமாக இருந்தது. பாலாஸ்ட் என்ற பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட்டை அடித்துப் பற்றவைக்கும் பல்பு. முழு வெளிச்சத்துக்கு வரச் சில நொடிகள் எடுக்கும், ஹாலஜன் டூமில் வெளிச்சம் தாறுமாறாகச் சிதறும். இன்று அதைத் தேடிப் போகக் காரணம் எதுவும் இல்லை.

சுவரில் போடும் கோடு

எதை மாட்டினாலும் கடைசித் தீர்ப்பு சுவரில்தான். சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள், ஹெட்லைட்டிலிருந்து சுவர் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். சைடு ஸ்டாண்டும் வேண்டாம், சென்டர் ஸ்டாண்டும் வேண்டாம். வழக்கமாக ஓட்டுகிறவர் மேலே உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் தரையில் பட நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து டூமின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. லோ பீம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இரண்டாவது கோட்டில் வந்து நிற்க வேண்டும். சில டூம்களில் விளிம்பின் இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறும், அது நம் பக்கத்து ரோட்டோரத்தைக் காட்டுவதற்கு. டூமைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவையோ போல்ட்டையோ தளர்த்திச் சாய்த்துக்கொள்ளலாம்.

ஐந்து மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்றால் நூற்றுக்கு ஒன்று இறக்கம். 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஹெட்லைட்டின் விளிம்பு 90 மீட்டர் தள்ளிப் போய் ரோட்டைத் தொடும். பத்து சென்டிமீட்டர் இறக்கினால் 45 மீட்டரிலேயே தொட்டுவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, எருமை ஒன்று தெரிந்து, மனசு உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டிலேயே ஐம்பது மீட்டருக்கு மேல் வேண்டும். 80-இல் எண்பதைத் தாண்டும். அதனால்தான் முன்சக்கரத்துக்கு முன்னால் பால் கொட்டியது மாதிரி வெளிச்சம் அடிக்கும் பல்பை நான் நம்புவதில்லை. பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்ணின் பாவை சுருங்கி, தூரத்தில் இருப்பது இன்னும் இருட்டாகும்.

பல்பை மாற்றுவதற்கு முன் பழைய பல்பின் வெளிச்சத்தைச் சுவரில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். புதுப் பல்பை மாட்டி அதே இடத்தில் இன்னொன்று. கோடு கலங்கி, மேலே மேகம் மாதிரி வெளிச்சம் படர்ந்தால், அந்தப் பல்பு உங்கள் டூமுக்கு ஆகாது. விலை எவ்வளவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், சாய்த்தால் கலங்கல் இடம் மாறுமே தவிரப் போகாது.

சட்டமும் ஏறத்தாழ இந்தச் சுவரைத்தான் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106, எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றரை மீட்டர் என்பது நடந்து வரும் மனிதரின், எதிரே பைக்கில் வருகிறவரின் கண் உயரம். தயாரிப்பாளர் தந்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அதே அளவு, அதே வாட், தர முத்திரை உள்ள பல்பை மாற்றிப் போடுவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. எல்இடிக்கு மாற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே மாற்றட்டும்.

என் வண்டியில் இப்போது ஓடுவது ரிலே, புது டூம், சாதாரண 60/55 பல்பு. வீட்டுச் சுற்றுச்சுவரில் சாக்பீஸ் கோடு அழிந்து அழிந்து, கடைசியில் பெயின்ட்டிலேயே போட்டுவைத்துவிட்டேன். வீட்டில் அவர்கள் பின்னால் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, வெளிச்சம் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை மேலே ஏறிவிடுகிறது. ஆகவே இரண்டு பேராகத் தேனிக்குக் கிளம்பும் நாளில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றும் பையில் ஏறிக்கொள்ளும்.